கை வெளுக்காத ஊர்

ஹவுகிவாராவில் ஒரு வேலை ஒழுங்காக நடக்க வேண்டுமென்றால் அதைச் சைமி மொய்லானனிடம் கொடுத்துவிட வேண்டும். அப்புறம் அந்த வேலையைப் பற்றி யாரும் கவலைப்பட வேண்டியதில்லை, சைமியைப் பற்றிக் கவலைப்பட்டால் போதும். இருபத்திரண்டு வருஷமாக ஊர்த் தாதி. எந்தக் குழந்தைக்கு எப்போது ஊசி, எந்தப் பெரியவர் மாத்திரையை நாக்குக்கடியில் ஒளித்துவைத்துத் துப்புகிறார், எல்லாம் அவளுக்கு மனப்பாடம். அதனால் எழுபத்து நாலாம் வருஷம் பிப்ரவரியில், ஹெல்சிங்கியிலிருந்து ஆராய்ச்சிக்கு ஆட்கள் வருகிறார்கள், உள்ளூரில் ஒரு உதவியாள் வேண்டும் என்று கடிதம் வந்தபோது வேறு பேச்சே எழவில்லை.

வந்தவர் டாக்டர் குன்வோர் லிண்ட்ரூஸ், கூடவே சாமான்களைப் பார்த்துக்கொள்ள ஒரு உதவியாளர். ஒல்லியான பெண்மணி, நாற்பது வயதிருக்கும், ஒரு வார்த்தை பேசுமுன் அதை மனசுக்குள் இரண்டு தரம் அளந்து பார்ப்பவர். மோட்டார் ரம்பம் பிடிக்கிறவர்களுக்குக் குளிரில் விரல் ஏன் வெளுத்துப் போகிறது என்பதுதான் அவருடைய ஆராய்ச்சி. ரம்பத்தின் அதிர்வு வருஷக்கணக்கில் கையில் ஏறி ஏறி, விரலில் ஓடும் ரத்தக்குழாய்கள் கெட்டுப்போகின்றன. அப்புறம் லேசாகக் குளிர் பட்டாலே போதும், குழாய்கள் இழுத்துப் பிடித்துக்கொள்ளும். ரத்தம் வராது. விரல் மெழுகுக் கட்டி போல வெளுத்து, கிள்ளினாலும் தெரியாமல் மரத்துவிடும்.

ஹவுகிவாராவின் ஆண்கள் எல்லோருக்கும் இது தெரியும். ஆனால் வாயைத் திறந்து சொல்வார்களா? செத்தாலும் மாட்டார்கள். கேட்டால், குளிர் என்றால் கை விறைக்கத்தானே செய்யும் என்று சொல்லிவிட்டு ஜன்னலுக்கு வெளியே பார்ப்பார்கள். அதனால்தான் டாக்டர் கேள்வித்தாளை மட்டும் நம்பி வரவில்லை. இரண்டு பெரிய தொட்டி, வெப்பமானி, ஒரு கேமரா எல்லாம் கொண்டுவந்திருந்தார். ஏரியிலிருந்து வெட்டிய பனிக்கட்டியைப் போட்ட தண்ணீரில் ஐந்து நிமிஷம் கையை வைக்க வேண்டும். எடுத்ததும் நிமிஷத்துக்கு ஒரு படம். வெளுத்தால் படத்தில் விழும், பொய் சொல்ல வழியில்லை.

படத்தில் விழுந்தால் என்ன கிடைக்கும் என்பதும் முன்பே பேசி முடிவாகியிருந்தது. யார் விரல் வெளுக்கிறதோ அவர் பெயர் பட்டியலில் ஏறும். பட்டியலில் ஏறியவருக்கு வனத்துறை ரம்பத்தை விட்டு வேறு வேலை கொடுக்கும், சம்பளம் குறையாது. வெட்டிய மரத்தை அளந்து குறிக்கிற வேலை இரண்டு மூன்று காலியாக இருந்தது. அதில் ஒன்று தன் புருஷனுக்கு என்று சைமி மனசுக்குள் எப்போதோ முடிவு செய்துவிட்டாள்.

புருஷன் ஹெய்மோவுக்கு ஐம்பத்தொரு வயது. நாலு குளிர்காலமாக அவன் விரல் வெளுப்பதை அவள் பார்த்துக்கொண்டிருக்கிறாள். அவன் ஒன்றும் சொன்னதில்லை, இவளும் கேட்டதில்லை, அந்த வீட்டில் அப்படித்தான். ஆனால் ஜனவரி மாதம் ஒரு நாள் அவனுடைய இடது பூட்ஸைத் துடைக்க எடுத்தவள் அதை வெளிச்சத்தில் திருப்பிப் பிடித்தாள். மேல்தோல் ஒரு சாண் நீளத்துக்குக் கிழிந்து உள்ளே கம்பளி தெரிந்தது. கல்லில் உரசிவிட்டது என்றான். ரம்பத்தின் பல் எப்படிக் கிழிக்கும், கல் எப்படிக் கிழிக்கும் என்று தெரியாமலா அவள் இருபத்திரண்டு வருஷமாக மரவெட்டிகளுக்குக் கட்டுப் போடுகிறாள்? மரத்துப்போன கையிலிருந்து ரம்பம் நழுவியிருக்கிறது. இந்தத் தடவை பூட்ஸோடு போயிற்று. அடுத்த தடவையை நினைத்தால் அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

ஆகவே இந்த ஆராய்ச்சி அவளுக்குத் தெய்வமே அனுப்பியது மாதிரி. ஊரில் போன் இருக்கிற வீடுகளுக்கெல்லாம் போன் செய்தாள், இல்லாத வீடுகளுக்குப் பனியில் காலால் உதைத்து ஓட்டுகிற சறுக்குவண்டியில் நேரில் போனாள். டாக்டரின் விதிகளை வரி விடாமல் ஒப்பித்தாள். வருவதற்கு இரண்டு மணி நேரம் முன்பிருந்து காப்பி கூடாது, புகையிலை கூடாது. அது டாக்டர் சொன்னது. அதோடு தன் பங்குக்கு ஒன்று சேர்த்துக்கொண்டாள். ஹெல்சிங்கியிலிருந்து ஒரு பெரிய டாக்டர், அதிலும் ஒரு பெண், கையைப் பிடித்துப் பார்க்கப் போகிறார். பெட்ரோலும் பிசினும் நாறிக்கொண்டு போய் நின்றால் ஊர் மானம் கப்பலேறாதா? ஆகவே அன்றைக்குக் காலையில் வீட்டில் சவுனா போட்டு, அந்தச் சூட்டு நீராவி அறையில் நன்றாக வேர்க்க உட்கார்ந்து, தேய்த்துக் குளித்துவிட்டுத்தான் வர வேண்டும்.

யாரும் மறுப்புச் சொல்லவில்லை. சொல்வதற்கு என்ன இருக்கிறது? டாக்டரிடமும் பாதிரியாரிடமும் அழுக்கோடு போகிற வழக்கம் அந்த ஊரில் கிடையாது.

திங்கட்கிழமை காலையில் ஏரிக்கரை நெடுக எல்லாச் சவுனாவிலிருந்தும் புகை எழுந்தது. சனிக்கிழமையன்று மட்டும் எழுகிற புகை. சைமிக்குப் பெருமை தாங்கவில்லை. ஊர் மன்றத்துக்கு ஆண்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். சிவந்த முகம், ஈரத் தலையில் வகிடு, இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. வாசலிலேயே நிறுத்தி ஒவ்வொருவர் வாயையும் சைமி முகர்ந்து பார்த்தாள், காப்பி வாடை வந்தால் திருப்பி அனுப்ப. பிறகு தொட்டிக்கு அழைத்துப்போனாள்.

கை தண்ணீருக்குள் போயிற்று. ஐந்து நிமிஷம் கழித்து வெளியே வந்தது. வேகவைத்த நண்டு மாதிரி சிவந்திருந்தது. டாக்டர் படம் எடுத்தார், காத்திருந்தார், மறுபடி எடுத்தார். சிவப்புதான். அடுத்தவருக்கும் சிவப்பு. திங்கள் முழுக்கச் சிவப்பு.

செவ்வாயன்று ஹெய்மோவின் முறை. சவுனா அடுப்பைச் சைமியே மூட்டினாள், மற்றவர்களை விட ஒரு கூடை விறகு அதிகம், தாதியின் புருஷன் அல்லவா. வெளுக்கிற நோய் இருக்கிறதா என்ற கேள்விக்கு அவன் இல்லை என்றான், அவள் கையாலேயே இல்லை என்று எழுதினாள். பரவாயில்லை, படம் சொல்லிவிடும் என்று இருந்தாள். படம் சொல்லவில்லை. பத்து விரலும் செக்கச்செவேல் என்று இருந்தன. டாக்டர் தாளில் 'நலம்' என்று குறித்தார். ஹெய்மோ சட்டையை மாட்டிக்கொண்டு, கதவருகே நின்று, "சொன்னேன்ல, ஒண்ணுமில்லன்னு," என்று அவளிடம் மட்டும் கேட்கிற மாதிரி சொல்லிவிட்டுப் போனான். சைமிக்கு முகத்தில் ஈயாடவில்லை.

வியாழன் காலைக்குள் முப்பத்தொரு பேர் முடிந்தார்கள். முப்பத்தொருவருக்கும் கை சிவப்பு. டாக்டர் லிண்ட்ரூஸ் தண்ணீரின் வெப்பத்தை அரை டிகிரி பிசகாமல் மறுபடி மறுபடி அளந்தார். வெப்பமானியை மாற்றினார். பனிக்கட்டியைக் கூட்டினார். கடைசியில் பேனாவை மூடி வைத்துவிட்டு, இந்த ஊரில் இந்த நோய் இல்லை என்றுதான் எழுத வேண்டியிருக்கும், இரண்டு வருஷத் தயாரிப்பு, ஆனால் இல்லாததை இருக்கிறதென்று எழுத முடியாது என்றார். வருத்தத்தைக் குரலில் காட்டவில்லை, ஆனால் தொட்டித் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். வெள்ளி மாலை வண்டி அடுத்த ஊருக்குக் கிளம்பிவிடும். சைமிக்குத் தலையில் கல்லைத் தூக்கிப் போட்ட மாதிரி இருந்தது. அப்படியானால் பட்டியல் கிடையாது. ஹெய்மோ இன்னும் ஒன்பது வருஷம், ஓய்வு வயது வரைக்கும், அந்த ரம்பத்தோடுதான்.

அந்த நேரம் பார்த்து உர்ஹோ டோலோனன் வந்து சேர்ந்தான். கல்யாணம் ஆகாதவன், வாய் அதிகம், வேலை அதிகமில்லை. முப்பத்திரண்டாவது ஆள். அவன் வாசலில் நின்ற கோலத்தைப் பார்த்ததும் சைமிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கழுத்தில் எண்ணெய்க் கறை, தலையில் மரத்தூள்.

"உனக்கு வெக்கமா இல்ல?" என்றாள். "படிச்சுப் படிச்சுச் சொன்னேனே."

"நான் எங்க குளிக்கிறது சைமி? என் சவுனாதான் அக்டோபர்ல எரிஞ்சு போச்சே. வாளித் தண்ணியில மூஞ்சியக் கழுவினேன், அதுவும் பாதிதான் கழுவினேன், தண்ணி உறைஞ்சிருச்சு."

டாக்டருக்கு முன்னால் மேலும் திட்ட முடியாமல் அவனைத் தொட்டிக்குத் தள்ளினாள். ஐந்து நிமிஷம் ஆனது. கையை எடுத்தான். இரண்டாவது நிமிஷம் டாக்டர் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். உர்ஹோவின் வலது கையில் மூன்று விரல், நுனியிலிருந்து நடுக்கணு வரைக்கும், கோடு கிழித்த மாதிரி வெளுத்து நின்றன. டாக்டர் ஒரு படம், இரண்டு படம், ஐந்து படம் எடுத்தார். தன்னை யாரும் இவ்வளவு ஆசையாகப் படம் எடுத்ததில்லை, தலை வாரிக்கொள்ளட்டுமா என்று உர்ஹோ கேட்டான்.

சைமி சிரிக்கவில்லை. நின்ற இடத்திலேயே நின்றாள். அவள் மனசு எங்கெங்கோ ஓடியது. ஹெய்மோவின் விரல் எப்போதெல்லாம் வெளுக்கும்? காலையில் விறகுக் கொட்டகையில், தபால் பெட்டிக்குப் போய்வரும்போது, மீன்வலையைத் தொட்டால். எப்போது வெளுத்ததே இல்லை? சனிக்கிழமை சவுனாவிலிருந்து வந்து, வெறும் உடம்போடு பனியில் நின்றாலும் வெளுத்ததில்லை. உடம்பு உள்ளுக்குள் கொதிக்கிறபோது குழாய் எதற்கு இழுத்துக்கொள்ளும்? முப்பத்தொரு பேரும் சவுனாவிலிருந்து நேராக வந்தவர்கள். அனுப்பியது யார்?

அவளுக்கு அப்படியே பூமிக்குள் போய்விடலாம் போலிருந்தது. சொல்லாமல் விட்டால் யாருக்கும் தெரியப் போவதில்லை என்ற எண்ணமும் வந்தது, வரவில்லை என்று சொன்னால் பொய். இருபத்திரண்டு வருஷத்தில் ஒரு ஊசி தப்பாகப் போட்டவள் இல்லை அவள். ஆனால் அந்தக் கிழிந்த பூட்ஸ் கண்ணுக்குள் நின்றது.

உர்ஹோவை வெளியே அனுப்பிக் கதவைச் சாத்தினாள். டாக்டர் முன்னால் நேராக நின்று சொன்னாள். "டாக்டர், தப்பு தண்ணியில இல்ல. தப்பு எங்கிட்ட. எல்லாரையும் நான்தான் சவுனாவுல உக்காந்துட்டு வரச் சொன்னேன்."

டாக்டர் லிண்ட்ரூஸ் அவளைப் பார்த்தார். ஹெல்சிங்கியில் அவர் குடியிருக்கிற கட்டடத்தில் சவுனா நிலவறையில் இருக்கிறது, வாரத்துக்கு ஒரு மணி நேரம் முறை வைத்துத் தருவார்கள். வேலை நாளில், காலையில், ஒரு ஊரே சவுனா போட்டுக்கொண்டு வரும் என்று அவர் எந்த விதியில் எழுதியிருக்க முடியும்?

"எல்லாருமா?" என்று கேட்டார்.

"உர்ஹோவைத் தவிர."

"எதுக்கு?"

"உங்க முன்னால அழுக்கா வந்து நிக்கக் கூடாதுன்னு."

டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். திட்டப் போகிறார் என்று சைமி எதிர்பார்த்தாள், திட்டினால் வாங்கிக்கொள்ளவும் தயாராக இருந்தாள். ஆனால் அந்த அளந்து பேசுகிற பெண்மணியின் தோள் குலுங்கத் தொடங்கியது. கண்ணில் நீர் வருகிற வரைக்கும் சத்தமில்லாமல் சிரித்தார். எனக்காக இவ்வளவு பேர் குளித்தது இதுவே முதல் தடவை என்றார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, நாளை ஒரு நாள் இருக்கிறது, இரண்டு தொட்டி இருக்கிறது, எத்தனை பேரைக் கூட்டி வர முடியும் என்று கேட்டார்.

முதல் தடவை போன் செய்தது சுலபம். இந்தத் தடவை சைமிக்கு நாக்கு வறண்டுவிட்டது. நாளைக்கு யாரும் குளிக்கக் கூடாது, காட்டு வேலைக்குப் போகிற கோலத்திலேயே வர வேண்டும் என்று அவள் சொன்னதும், வீட்டுப் பெண்களுக்கு அது ஏதோ அவமானம் மாதிரி பட்டது. தங்கள் ஆட்களைப் பார்த்து டாக்டருக்கு வெறுத்துப்போய்விட்டதா என்று ஒருத்தி கேட்டாள். சட்டையாவது மாற்றி அனுப்புகிறேனே என்று இன்னொருத்தி கெஞ்சினாள். தப்புத் தன்னுடையது என்று ஒவ்வொரு வீட்டுக்கும் தனித்தனியாகச் சொல்ல வேண்டியிருந்தது. முதல் மூன்று வீட்டுக்குச் சொல்லும்போது காது எரிந்தது, அப்புறம் பழகிவிட்டது.

ஆனால் மற்ற வீடுகளெல்லாம் சம்மதித்தும் சொந்த வீடு சம்மதிக்கவில்லை. மாலையில் மீனும் உருளைக்கிழங்கும் வைத்துவிட்டு அவள் விஷயத்தைச் சொன்னாள். ஹெய்மோ முள்ளை எடுத்துத் தட்டோரம் வைத்தான். தனக்குப் பரிசோதனை ஆகிவிட்டது, டாக்டரே நலம் என்று எழுதிவிட்டார், நாளைக்குக் காட்டில் வேலை கிடக்கிறது என்றான். டாக்டர் எழுதியது சவுனாவைப் பார்த்து, உன்னைப் பார்த்து அல்ல என்றாள். அவன் உருளைக்கிழங்கின் தோலை உரித்துக்கொண்டிருந்தான். அவன் கழுத்து விறைத்திருந்ததைப் பார்த்தாலே அவளுக்குத் தெரியும், இனி யார் என்ன சொன்னாலும் ஏறாது.

அவள் முள்கரண்டியைக் கீழே வைத்தாள். "ஹெய்மோ. அந்தப் பூட்ஸக் கிழிச்சது கல்லு இல்ல."

அவன் தட்டைக் காலி செய்துவிட்டு எழுந்து போனான்.

வெள்ளிக்கிழமை ஹவுகிவாராவின் ஊர் மன்றம் அதுவரை பார்க்காத கூட்டத்தைப் பார்த்தது. அடுப்பு மூட்டவில்லை, ஜன்னல்களைத் திறந்துவிட்டிருந்தார்கள். கோட்டைக் கழற்றிவிட்டு வெறும் சட்டையோடு அரை மணி நேரம் பெஞ்சில் உட்கார வேண்டும் என்பது டாக்டரின் புது விதி. எண்ணெயும் பிசினும் வேர்வையும் கலந்து ஒரு நாற்றம். ஆண்கள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள். நேற்று அழுக்காக வந்ததற்காக உர்ஹோவைச் சைமி திட்டியது ஊருக்கே தெரிந்துவிட்டிருந்தது, ஆகவே வருகிற ஒவ்வொருவனும் வாசலில் நின்று, தான் போதுமான அளவு அழுக்காக இருக்கிறேனா என்று அவளிடம் மரியாதையாக விசாரித்துவிட்டு உள்ளே போனான். அவளும் ஒவ்வொருவனுக்கும் முறைப்பு ஒன்று கொடுத்து அனுப்பினாள்.

கைகள் தொட்டிக்குள் போயின, வெளியே வந்தன, வெளுத்தன. இரண்டு விரல், நாலு விரல், சிலருக்குப் பத்தும். முதல் ஆள் தன் கையை மடிக்குள் ஒளிக்கப் பார்த்தான். பக்கத்துத் தொட்டிக்காரனுக்கும் அதே கதி என்று கண்டதும் மேஜை மேல் வைத்தான். மத்தியானத்துக்குள் பெஞ்சில் இருந்தவர்கள் விரல்களை நீட்டி யாருக்கு எத்தனை என்று ஒப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ஒரே காட்டில் இருபது வருஷம் ஒன்றாக மரம் வெட்டியவர்கள், அடுத்தவனுக்கும் இப்படித்தான் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டார்கள். மூன்று மணிக்கு இருபத்து மூன்று பேரில் பதினேழு பேர் பட்டியலில் இருந்தார்கள். டாக்டரின் கன்னம் குளிரிலும் சந்தோஷத்திலும் சிவந்திருந்தது.

சைமியும் சிரித்துப் பேசிக்கொண்டுதான் இருந்தாள். ஆனால் கதவு திறக்கும்போதெல்லாம் திரும்பினாள். மூன்றரைக்கு டாக்டரின் உதவியாளர் ஒரு தொட்டியைக் கவிழ்த்துக் காயவைத்துவிட்டார். சைமி இன்னொன்றைக் கவிழ்க்க விடவில்லை.

கால் மணி நேரம் கழித்து ஹெய்மோ வந்தான். காட்டிலிருந்து நேராக. தாடியில் பனி, மார்பில் பிசின், முழங்கை வரைக்கும் ரம்பத்தின் எண்ணெய். டாக்டருக்கு முன்னால் இதைவிட அழுக்கான மனிதன் நின்றிருக்க முடியாது. சைமிக்கு அவனைக் கட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது. வாயால், கோட்டைக் கழற்றி அங்கே மாட்டு என்று மட்டும் சொன்னாள். வழியெல்லாம் குளிரிலேயே வந்தவனுக்குப் பெஞ்சில் காத்திருக்கத் தேவையில்லை என்று டாக்டர் நேராகத் தொட்டிக்கு அழைத்தார்.

கடிகாரம் சைமியின் கையில். ஐந்து நிமிஷம் முடிந்து கையை எடுத்தான். ஒரு நிமிஷம், ஒன்றுமில்லை. இரண்டு நிமிஷம், ஒன்றுமில்லை. யாருக்கும் நோய் வரக் கூடாது என்று காலமெல்லாம் உழைத்தவள், வந்துவிடு, வந்துவிடு என்று மனசுக்குள் கெஞ்சிக்கொண்டு நின்றாள். மூன்றாவது நிமிஷம் இடது சுண்டுவிரலின் நுனி வெளுத்தது. அப்புறம் பக்கத்து விரல். அப்புறம் கிடுகிடுவென்று, கட்டைவிரல் இரண்டைத் தவிர எட்டும், அடிக்கணு வரைக்கும். டாக்டர் படம் எடுக்கிற சத்தம் மட்டும் கேட்டது.

எழுதிக்கொள்ளச் சொன்னார். சைமி செவ்வாய்க்கிழமைத் தாளை எடுத்தாள், தன் கையெழுத்திலிருந்த 'இல்லை'யை அடித்தாள், 'எட்டு விரல்' என்று எழுதினாள். எத்தனை வருஷமாக என்று டாக்டர் கேட்டார். சைமி விடையைக் கேட்கக் காத்திராமல் 'நாலு' என்று எழுதப் போனாள்.

"ஒம்பது குளிர்காலம்," என்றான் ஹெய்மோ.

பென்சில் நின்றது. ஒன்பதா? அவள் கண்ணுக்குத் தெரிந்தது நாலுதான். மீதி ஐந்து குளிர்காலம், ஒரே வீட்டில், ஒரே மேஜையில், தாதி ஒருத்தியின் கண் முன்னாலேயே இவன் கையை மறைத்து வாழ்ந்திருக்கிறான். தினமும் காலையில் சட்டை போடும்போது அவன் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்வான், அது அவன் சுபாவம் என்று இவள் நினைத்திருந்தாள்.

"எங்கிட்டச் சொல்லியிருக்கலாமே," என்றாள்.

"சொல்லியிருந்தா ரம்பத்தத் தூக்கி ஏரியில போட்டிருப்ப."

"போட்டிருப்பேன்தான்."

"அதான் சொல்லல."

டாக்டர் அவர்கள் பேசி முடிக்கிற வரைக்கும் கேமராவைத் துடைத்துக்கொண்டிருந்தார். பிறகு, திங்கள் முதல் இவர் ரம்பத்தைத் தொடக் கூடாது, அதையும் எழுதிக்கொள்ளுங்கள் என்றார். சைமி எழுதினாள். எழுத்துக் கோணியது, அதை அவள் திருத்தவில்லை.

ஹெய்மோ எழுந்து சட்டைக் கைகளை இறக்கிவிட்டான். மணிக்கட்டில் பொத்தானைத் தேடினான். செத்துக் கிடந்த விரல்களுக்கு அது அகப்படவில்லை. இரண்டு தரம் முயன்றான். மன்றத்தில் டாக்டர் இருந்தார், உதவியாளர் இருந்தார், ஊர் ஆண்கள் ஐந்தாறு பேர் இன்னும் பெஞ்சில் இருந்தார்கள். அவன் சுவர்ப் பக்கம் திரும்பவில்லை. இரண்டு கையையும் அவள் முன்னால் நீட்டி, "போட்டு விடு," என்றான்.

சைமி கடிகாரத்தை மேஜை மேல் வைத்துவிட்டு இரண்டு பொத்தானையும் போட்டுவிட்டாள்.